பசுமை விவசாயத்தைக் கடைமடையில் நின்று பார்க்க வேண்டும்

பசுமை விவசாயம், நீடித்த விவசாயம் என்று எதைப் படித்தாலும் கடைசியில் ஒரு வயலின் படம் இருக்கும். சொட்டு நீர்க் குழாய், மூடாக்கு, நடுவில் ஊடுபயிர், கீழே "இவ்வளவு தண்ணீர் மிச்சம், இவ்வளவு உரம் மிச்சம்" என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அது வரப்போடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வயல், அதற்கும் கீழே ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் ஆறு, ஆற்றின் கடைசியில் கழிமுகம், கடல். உலகம் முழுக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் நிலத்தடியிலும் மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு விவசாயத்துக்குத்தான் போகிறது. ஒரே படுகையில், அதாவது ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில், இருப்பவர்கள் ஒரே தண்ணீரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒரு திட்டம் பசுமையானதா என்று யாராவது கேட்டால் நான் தலைமடை வயலைப் பார்க்க மாட்டேன். கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, அதில் என்ன கலந்து வந்தது என்றுதான் கேட்பேன்.

சொட்டு நீரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். வாய்க்கால் பாசனம் செய்யும் ஒருவர் நூறு பங்கு தண்ணீர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிர் உறிஞ்சி ஆவியாக விடுவது அதில் ஐம்பது பங்கு. மீதி ஐம்பதும் வீண் என்று எழுதிவிடுகிறோம். அது எங்கே போகிறது என்று யாரும் பின்தொடர்வதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கி நிலத்தடி நீராகிறது, ஒரு பகுதி வடிகால் வழியாக ஆற்றுக்கே திரும்புகிறது, பல இடங்களில் கீழே இருப்பவரின் கிணற்றில் ஊறுவதும் மடையில் வருவதும் அந்தக் கசிவு நீர்தான். இப்போது மேலே இருப்பவர் சொட்டு நீருக்கு மாறி, அதே வயலுக்கு அறுபது பங்கு போதும் என்ற நிலைக்கு வருகிறார். நாற்பது மிச்சம். அந்த நாற்பதை அவர் ஆற்றிலேயே விட்டுவைக்கிறாரா என்றால், இல்லை; பக்கத்தில் கிடக்கும் தரிசை உழுது அங்கேயும் குழாய் போடுகிறார், அல்லது நல்ல விலை போகிற, தண்ணீர் அதிகம் கேட்கிற பயிருக்கு மாறுகிறார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் படுகையின் கணக்கு என்ன ஆயிற்று? எடுத்தது அதே நூறு. ஆவியாவது ஐம்பதிலிருந்து எண்பதுக்கு மேல் ஏறிவிட்டது. கீழே திரும்புவது இருபதுகூட இல்லை. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டுவிட்டு வருமானம் கூடியது என்று சொல்வது போலத்தான் இது, அதுவும் எடுத்த பை வேறொருவருடையது.

இது என் கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றின் மேல்படுகையை வைத்து ஃபிராங்க் வார்டும் மானுவல் புலிடோ-வெலாஸ்கெஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, சொட்டு நீருக்கு மானியம் கொடுத்தால் படுகையில் தண்ணீர் செலவு குறைவதற்குப் பதில் கூடக்கூட வாய்ப்பிருக்கிறது என்று காட்டியது. பத்து ஆண்டு கழித்து, 2018-இல், குவென்டின் கிராஃப்டனும் உடன் ஆய்வாளர்களும் சயின்ஸ் இதழில் இதையே பாசனத் திறனின் முரண் என்று பெயரிட்டு உலகளவில் எழுதினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அரசுத் திட்டங்களில் "தண்ணீர் மிச்சம்" என்ற இடத்தில் எடுப்பதில் மிச்சத்தைத்தான் எழுதுகிறார்கள், ஆவியாவதில் மிச்சத்தை எழுதுவதில்லை. எனக்கு இது கோபம் வரவைக்கும் விஷயம்.

அதற்காகச் சொட்டு நீர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வயலிலிருந்து வடியும் நீர் உப்பு நிலத்திலோ கடலிலோ போய் முடிகிற இடங்களில் அந்த மிச்சம் உண்மையான மிச்சம். பம்பு ஓடும் நேரம் குறைகிறது, உரத்தை வேருக்கே கொடுக்கலாம், களை குறைகிறது. எல்லாம் சரி. வரிசைதான் முக்கியம்: முதலில் படுகையிலிருந்து மொத்தம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு, அப்புறம் அந்த வரம்புக்குள் நல்ல விளைச்சல் எடுக்கக் கருவிகள். இந்த வரிசை தலைகீழானால் கருவிகளே ஆற்றை வற்றவைக்கும்.

ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் படுகை இந்த வரிசையில் முயன்ற இடம், அதனால்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு அது. 1995-இல் எடுப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பல ஆண்டு நீண்ட பெரும் வறட்சிக்கு நடுவே 2007-இல் தனிச் சட்டம் வந்தது, 2012-இல் படுகைத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 2,750 ஜிகா லிட்டர் (ஒரு ஜிகா லிட்டர் நூறு கோடி லிட்டர்) தண்ணீரை விவசாயத்திலிருந்து ஆற்றுக்குத் திருப்புவது என்று முடிவு. எப்படித் திருப்புவது? இரண்டு வழி. விற்க விரும்பும் விவசாயிகளிடம் தண்ணீர் உரிமையை அரசே வாங்குவது ஒன்று. வாய்க்காலைப் பூசி, குழாய் போட்டு, பண்ணைகளை நவீனமாக்கப் பணம் கொடுத்து அதில் மிச்சமாவதைப் பெறுவது இன்னொன்று. முதலாவது செலவு குறைவு, கணக்கும் தெளிவு, ஆனால் ஊர்கள் காலியாகும் என்ற அச்சத்தில் எதிர்ப்பு அதிகம். இரண்டாவது எல்லோருக்கும் இனிக்கும், செலவு அதிகம், அதோடு கசிந்து ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நீரையே மிச்சம் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. ஊர்கள் காலியாகும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் உரிமையை விற்ற பணம் விற்றவருக்குப் போகும், அவரிடம் வேலை பார்த்தவருக்கும் டிராக்டர் பழுது பார்த்தவருக்கும் போகாது. அதற்குத் தனியாக உதவி ஒதுக்க வேண்டும். ஆனால் அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வாய்க்கால் பூசும் பணியில் ஒளிந்துகொள்வதை ஏற்க முடியவில்லை. 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் டார்லிங் ஆற்றில் மெனிண்டி பக்கம் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. வறட்சி ஒரு காரணம், மேலே அளவுக்கு மீறி எடுத்தது இன்னொரு காரணம். தேங்கிய குட்டைகளில் பாசி பெருகி, திடீர்க் குளிரில் நீரடுக்குகள் கலந்து, நீரிலிருந்த உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தீர்ந்துபோனது. திட்டம் ஏட்டில் வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது அப்போது.

தண்ணீர் எவ்வளவு என்பது பாதிக் கதை. அதில் என்ன கரைந்து வருகிறது என்பது மறு பாதி, இதில் மிசிசிப்பியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவின் 48 மாநில நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காட்டின் தண்ணீர் வடிந்து சேரும் படுகை அது. அதன் நடுவில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி, ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த மண்; அதை விவசாயத்துக்குக் கொண்டுவர மண்ணுக்குள் துளையிட்ட வடிகால் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். வேர் அழுகாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிட்டால் நீரில் உடனே கரையும், மழை பெய்தால் அந்தக் குழாய் வழியாக ஓடைக்கு நேர்வழி. உலகளவில் தானியப் பயிருக்குப் போடும் தழைச்சத்தில் பாதிகூடப் பயிருக்குள் போய்ச் சேர்வதில்லை. அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரை நிலம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் இழப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் உறிஞ்ச வேரே இல்லை. இவை எல்லாம் மெக்சிகோ வளைகுடாவில் போய்க் கொட்டி, பாசியை வளர்த்து, அது செத்து அழுகும்போது அடிநீரின் உயிர்வளியைத் தின்றுவிடுகிறது. 1985 முதல் அந்த உயிர்வளியற்ற பரப்பை அளந்து வருகிறார்கள். 2017-இல் அது 22,720 சதுர கிலோமீட்டர் வரை போனது. 5,000-க்குள் கொண்டுவர வேண்டும் என்ற இலக்குக்கு முதலில் வைத்த கெடு 2015. அப்புறம் 2035 என்று தள்ளிவைத்தார்கள்.

இங்கே மனதைச் சோர்வடையச் செய்யும் ஓர் உண்மையும் உண்டு. கிம்பர்லி வான் மீட்டரும் நந்திதா பாசுவும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றே உர இழப்பு முழுக்க நின்றுபோனாலும் வளைகுடா அந்த இலக்கை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும், ஏனென்றால் முந்தைய ஆண்டுகளில் போட்ட தழைச்சத்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தேங்கி நின்று மெதுவாக வந்துகொண்டே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்போ எதுக்கு மெனக்கெடணும்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இன்று தொடங்கியவர்களுக்கே பலன் தாமதமாகத்தான் கிடைக்கும் என்றால் தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. அதோடு இரண்டு மூன்று ஆண்டுத் திட்டமாகப் போட்டு, நைட்ரேட் குறையவில்லை என்று சொல்லி நிதியை நிறுத்துவது எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்து புரிகிறது.

என்ன செய்யலாம் என்பதும் அதே படுகையிலேயே தெரிந்திருக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 முதல் நடத்திய சோதனையில், சரிவான வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பட்டை பட்டையாக அந்த மண்ணுக்கே உரிய பல்லாண்டுப் புற்களுக்கும் பூச்செடிகளுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, வழிந்தோடும் நீரில் தழைச்சத்தும் பாஸ்பரஸ் எனும் மணிச்சத்தும் பெரிய அளவில் குறைந்தன, தேனீக்களும் பறவைகளும் பெருகின. பத்து விழுக்காடு நிலத்துக்கு இவ்வளவு பலன் எப்படி என்றால், ஆழமான வேரும் விறைப்பான தண்டும் ஓடும் நீரின் வேகத்தை உடைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றன. பெரும்பாலான வயல்களில் விளைச்சலே சரியாக வராத ஒரு மூலை, ஒரு சரிவு இருக்கத்தான் செய்யும். அதிலிருந்து தொடங்கினால் இழப்பு இன்னும் குறைவு. ஆனால் புதைத்த வடிகால் குழாய் இருக்கும் இடத்தில் நைட்ரேட் அந்தப் பட்டைக்கு அடியிலேயே புகுந்து போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அறுவடைக்குப் பின் நிலத்தை மூடி வைக்கும் மூடுபயிர் வேண்டும், அல்லது குழாயின் வாயில் மரச் சில்லு நிரப்பிய குழி வெட்டி அதன் வழியாக நீரை விட வேண்டும், அந்தச் சில்லில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் காற்றில் கலக்கும் சாதாரண நைட்ரஜனாக மாற்றிவிடும்.

அதே அயோவாவின் மார்ஸ்டன் பண்ணையில் மக்காச்சோளம், சோயா என்ற இரண்டு பயிர்ச் சுழற்சியோடு ஓட்ஸ், தீவனப் பயிர்களான சிவப்பு க்ளோவர், குதிரை மசால் சேர்த்து மூன்று, நான்கு ஆண்டுச் சுழற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவு: உரமும் களைக்கொல்லியும் மிகக் குறைவாகப் போட்டும் லாபம் ஏறக்குறைய அதேதான். வேலை மட்டும் அதிகம். இந்த "வேலை மட்டும்" என்பதை விவசாயம் செய்யாதவர்கள் சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள், அதில்தான் பல நல்ல யோசனைகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓட்ஸை வாங்க ஆள் வேண்டும், பசுந்தீவனத்தைத் தின்ன மாடு வேண்டும், கூடுதல் நாள்களுக்கு ஆட்கள் வேண்டும். இவை இல்லாமல் பயிர்ச் சுழற்சி செய்யுங்கள் என்று சொல்வது வெறும் உபதேசம். குதிரை மசாலையும் எல்லா இடத்துக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மழை போதுமான அயோவாவில் அது மண்ணைக் காப்பாற்றுகிறது. கடலைத் தொடுவதே அரிதாகிவிட்ட கொலராடோ ஆற்றில், பாசனத்தில் விளையும் அதே பயிர்தான் தண்ணீரை அதிகம் செலவழிப்பவற்றில் ஒன்று. எந்தப் பயிர் பசுமையானது என்பதைப் படுகைதான் தீர்மானிக்கிறது.

ஒரு நாடே முனைந்தால் முடியும் என்பதற்கு டென்மார்க் இருக்கிறது. 1987-இல் முதல் நீர்ச்சூழல் திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவு தழைச்சத்துதான் என்று அளவு, எழுத்தில் உரக் கணக்கு, சாணக் கரைசலை மாதக்கணக்கில் சேர்த்துவைக்கத் தொட்டி, பயிர் இல்லாத காலத்தில் கொட்டத் தடை, குளிர்காலத்தில் நிலத்தை மூடி வைக்கும் பயிர். கடலுக்குப் போகும் தழைச்சத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்னும் அவர்களுடைய விரிகுடாக்களில் உயிர்வளிப் பிரச்சினை தீரவில்லை, ஆனால் பாதி என்பது சின்ன விஷயமா? சீனாவில் வேறு வழி. 2005 முதல் 2015 வரை சுமார் 2.1 கோடி சிறு விவசாயிகளுக்கு, அவரவர் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற ஆலோசனையை நேரில் போய்ச் சொல்லும் பெரிய முயற்சி நடந்தது. விளைச்சல் சுமார் 11 விழுக்காடு கூடியது, தழைச்சத்து உரம் 15 முதல் 18 விழுக்காடு வரை குறைந்தது. சட்டம் போட முடியாத இடத்தில் ஆட்களை அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் உரத்துக்குச் செலவாகும் மானியத்தில் ஒரு பங்கை இப்படி வயலில் நின்று பேசக்கூடிய ஆட்களின் சம்பளத்துக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது இன்று மீத்தேனுக்காகவும் பேசப்படுகிறது. நீர் எப்போதும் நிற்கும் வயலில் உயிர்வளி இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை எளியது: துளையிட்ட குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை காத்திருந்து மறுபடி பாய்ச்சுவது, பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாமல் பார்த்துக்கொள்வது. மீத்தேன் பாதியளவு வரை குறையும், பாய்ச்சும் நீர் 30 விழுக்காடு வரை குறையும். ஆனால் மேலே சொன்ன அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். அந்த 30 விழுக்காட்டில் பெரும்பகுதி ஆவியில் மிச்சமில்லை, கசிவில் மிச்சம். நெல் வயலின் கசிவை நம்பி நிலத்தடி நீர் ஊறும் இடங்களில் கிணறுகளுக்கு அது தெரியும். மீத்தேன் குறைவது எந்தக் கணக்கிலும் உண்மை, நீர் மிச்சம் இடத்தைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்காமல் தனித்தனியாகச் சொன்னால் நல்லது.

மேட்டுப் பகுதிக்கு வருகிறேன். சீனாவின் மஞ்சள் ஆறு ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டல் சுமந்தது, காற்று கொண்டுவந்து குவித்த மென்மண்ணால் ஆன லோயஸ் மேட்டுநிலத்தின் சரிவுகளை உழுதும் மேய்த்தும் மொட்டையாக்கியதன் விளைவு. படிக்கட்டு வயல்கள், மேய்ச்சல் கட்டுப்பாடு, 1999 முதல் சரிவு நிலத்தை மரத்துக்கும் புல்லுக்கும் விட்டால் விவசாயிக்கு தானியமும் பணமும் என்று பெரிய வேலை நடந்தது. வண்டல் வெகுவாகக் குறைந்தது. பச்சை கூடியதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம். ஆனால் மரமும் தண்ணீர் குடிக்கும். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, இதற்கு மேல் நட்டால் மக்களுக்கான தண்ணீரில் கைவைக்கும் அளவை அந்த மேட்டுநிலம் நெருங்கிவிட்டது என்று எச்சரித்தது. இதே ஆறு 1997-இல் 226 நாள்கள் கடலுக்குப் போகாமல் வற்றிக் கிடந்தது. அதை மாற்றியது மரம் இல்லை, 1999 முதல் ஆறு முழுமைக்கும் ஒரே அமைப்பு, ஒவ்வொரு மாகாணத்துக்கும் இவ்வளவுதான் என்று பங்கிட்டு மடையை மூடிய முடிவு. அதன்பிறகு அது கடலைத் தொடாமல் நின்றதில்லை.

யார் செலவு செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க். குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பால் பண்ணைகள். பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, அல்லது மேலே இருக்கும் பண்ணைகளைச் சரிசெய்வதா என்ற கேள்வி வந்தபோது நகரம் இரண்டாவதைத் தேர்ந்தது, 1997-இல் ஒப்பந்தம். சாணம் சேர்த்துவைக்கும் இடம், மாடு ஓடையில் இறங்காமல் வேலி, இவற்றின் செலவு நகரத்துடையது. பண்ணைகள் எப்படி மாறுவது என்பதைத் திட்டமிட்ட குழுவில் விவசாயிகளே இருந்தார்கள். மேலே இருப்பவர் செய்யும் வேலையின் பலன் கீழே இருப்பவருக்குப் போகிறது என்றால் பணம் மேலே ஏறி வர வேண்டும், இதில் தர்மம் செய்யும் பேச்சே இல்லை.

கீழே இருப்பவருக்குப் பணம் மட்டும் போதாது, குரலும் வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் டூரியா ஆற்றின் வாய்க்கால்களுக்கு ஒரு தண்ணீர் நீதிமன்றம் இருக்கிறது. பல நூறு ஆண்டுப் பழமை, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வியாழன்தோறும் கூடுகிறது. நீதிபதிகள் எல்லோரும் விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகள், வழக்கு முழுக்க வாய்மொழி, தீர்ப்பு அங்கேயே. பெரிய படுகைக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் தண்ணீரைத் திருப்பியவரும் தண்ணீர் வராதவரும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் நிற்கும் ஏற்பாடு எத்தனை படுகைகளில் இருக்கிறது?

அளப்பது கடினம் என்ற சாக்கும் இப்போது செல்லாது. வயல்களிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து, ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் வேப்பார் என்ற பெயரில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இலவசமாக வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு 2021 முதல் அதே போன்ற ஓப்பன்-ஈடி என்ற தளம் இருக்கிறது, வயல் வயலாகவே பார்க்கலாம். பிழைகள் உண்டு, ஆனால் ஒரு படுகையில் மானியத்துக்கு முன் எவ்வளவு ஆவியானது, மானியத்துக்குப் பின் எவ்வளவு என்று ஒப்பிட இவை போதும். அடுத்த பாசனத் திட்டத்துக்கு நிதி கேட்டு வருபவர்களிடம் இந்த இரண்டு எண்களையும், கடைமடை வடிகாலில் எடுத்த நைட்ரேட் அளவையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.